ஐந்தாம் வகுப்புக்குச் சுழற்காற்று எச்சரிக்கை

“முப்பத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்களே மேடம்!”

“முப்பத்தொண்ணுதாங்க. ஒரு பாட்டில் ஒழுகிடுச்சு.”

“அப்ப எதுக்கு முப்பத்திரண்டுன்னு எழுதினீங்க?”

“பிள்ளைங்க முப்பத்திரண்டு பேரு. ஆளுக்கு ஒண்ணுன்னு போட்டுட்டேன். அதை அடிச்சிட்டு முப்பத்தொண்ணுன்னு எழுதிக்கோங்களேன்.”

“அடிக்கிறதா!” என்று கத்தினார் வானிலை அலுவலகத்துப் பதிவாளர். ஐந்தாம் வகுப்பு ‘பி’ பிரிவின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “மேடம், வானிலைப் பதிவேடு அது. உங்க வீட்டு மளிகை லிஸ்ட் இல்ல. ஏறினது ஏறினதுதான்!”

முப்பத்திரண்டு பிள்ளைகளும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தங்களைத் திட்டும் டீச்சரை இன்னொருவர் வந்து திட்டுவதென்பது தினமும் கிடைக்கிற பாக்கியமா என்ன?

நடந்தது இதுதான். அந்தப் பள்ளியில் ஐந்து வருஷமாகத் தற்காலிக அறிவியல் டீச்சராகவே இருக்கும் அந்தப் பெண், டொர்னாடோ என்று பிள்ளைகள் ஆசையாய்ச் சொல்லும் சுழற்காற்றைப் பற்றிப் பாடம் நடத்தினார். புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்தால் அணைந்த மெழுகுவத்தி மாதிரி இருந்தது. அதனால் ஆளுக்கு இரண்டு காலி பாட்டில் கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் முக்கால் வாசி தண்ணீர். அதன் வாயில் ஒரு ரப்பர் வாஷர். அதன்மேல் இன்னொரு பாட்டில் தலைகீழாக. நடுவில் இறுக்கி டேப். கவிழ்த்துப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றினால் தண்ணீர் நடுவில் குழிந்து, புனலாகி, கிறுகிறுவென்று சுழன்று இறங்கும். சுற்றாமல் சும்மா கவிழ்த்தால் ‘களக் களக்’ என்று விக்கிக்கொண்டு நிற்கும். கீழே இருக்கும் காற்று மேலே ஏற வழி கிடைத்தால்தான் தண்ணீர் இறங்கும் என்று பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக் கூத்தாடினார்கள். வாஷர் முப்பத்திரண்டும் டீச்சரின் வீட்டுக்காரர் கொடுத்தவை. அவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். பெண்டாட்டியின் பாடத்துக்குத் தன் பையிலிருந்து ஏதாவது போனால் மனிதர் அன்றைக்கு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்.

அதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் வானிலை அலுவலகம் ஒவ்வொரு பள்ளிக்கும் மாதாமாதம் ஒரு படிவம் அனுப்பும். அதில் பதினேழாவது கேள்வி: ‘இம்மாதம் தங்கள் வளாகத்தில் காணப்பட்ட சுழற்காற்றுகளின் எண்ணிக்கை.’ எல்லாப் பள்ளிகளும் எல்லா மாதமும் அதில் ஒரு கோடு போட்டு அனுப்பும். நம் டீச்சருக்குக் கோடு போடக் கை வரவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோடு பள்ளியில் நிரந்தரப் பணிக்கான கோப்பு மூடப்படுகிறது. கோடு போட்டால் வேலையே செய்யவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். நல்ல கையெழுத்தில் ‘32’ என்று எழுதி, பக்கத்தில் ‘அனைத்தும் மாணவர்களின் சொந்த முயற்சி’ என்றும் சேர்த்தார்.

நாற்பத்தோரு வருஷமாக அந்த வட்டாரத்தில் ஒரு சுழற்காற்றுகூட வந்ததில்லை. பதிவாளர் மறுநாளே ஸ்கூட்டரில் வந்து இறங்கியதற்கு அதுதான் காரணம்.

“ஆனா இது தண்ணிங்க. அதுவும் பாட்டிலுக்குள்ள இருக்கிற தண்ணி” என்றார் டீச்சர்.

பதிவாளர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். “‘மேலே அகன்று கீழே குறுகி, தன் அச்சில் சுழன்று, கண்ணுக்குப் புலப்படும் தூண் எதுவாயினும் சுழற்காற்று எனக் கொள்ளப்படும்.’ இதுல எங்க மேடம் காத்துன்னு இருக்கு? எங்க பாட்டிலுக்கு வெளியன்னு இருக்கு? எத்தனை அடி உசரம்னு இருக்கா? இல்ல. இருந்தா நானே விட்டுடுவேன். எனக்கு மட்டும் ஆசையா?”

பிரச்சினை இப்போது தெளிவாகிவிட்டது. பதிவேட்டில் முப்பத்திரண்டு. நடந்தது முப்பத்தொன்று. பதிவேட்டை மாற்ற முடியாது. ஆகவே நடந்ததைத்தான் மாற்ற வேண்டும்.

ஒழுகிய பாட்டிலின் சொந்தக்காரியை வகுப்பில் ஓட்டைப்பல் என்று கூப்பிடுவார்கள். முன்பல் இரண்டும் விழுந்து, முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. அவளை முன்னால் அழைத்தார்கள். குழாய்க்காரருக்கு ஆள் போனது. அவர் யார் வீட்டிலோ அடைத்துக்கொண்ட தொட்டியைப் பாதியில் விட்டு ஓடிவந்து, வாஷரை மாற்றி, டேப்பை மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். ஓட்டைப்பல் பாட்டிலைக் கவிழ்த்துச் சுற்றினாள். கிறுகிறுவென்று இறங்கியது. பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “போன செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ரெண்டு பத்து” என்று எழுதிக்கொண்டார்.

“இன்னைக்கு வியாழக்கிழமை சார்” என்றாள் ஓட்டைப்பல்.

“உனக்கு வியாழக்கிழமை பாப்பா. பதிவேட்டுக்குச் செவ்வாய்க்கிழமை.”

குழாய்க்காரர் டீச்சரின் காதருகே, “இவரு வீட்டுல எதுவும் அடைச்சுக்கிட்டா நான் போக மாட்டேன், சொல்லிட்டேன்” என்றார்.

திங்கட்கிழமை சேத மதிப்பீட்டு அலுவலர் வந்தார். ஒல்லியான பெண். கையில் இஞ்சி டேப், முகத்தில் துக்க வீட்டுக்கு வந்த களை. கூடவே பதிவாளர், அளந்ததை எழுத. உயரம்: இருபத்தெட்டு சென்டிமீட்டர். நீடித்த நேரம்: நாற்பது விநாடி. பயணித்த பாதை: மேல் பாட்டிலிலிருந்து கீழ் பாட்டில் வரை. உயிர்ச்சேதம்: இல்லை. (ஒரு எறும்பு நனைந்திருந்தது. ஆனால் அது தானே நடந்து போய்விட்டதாக இரண்டு மாணவர்கள் சாட்சி சொன்னார்கள்.) பொருள்சேதம்: பாவாடை ஒன்று, கணக்கு நோட்டு ஒன்று. கணக்கு நோட்டு நனைந்ததற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று அலுவலர் சொன்னபோது, அதன் உரிமையாளர் எழுந்து நின்று, வருத்தமே இல்லை என்று உறுதியாகச் சொன்னான்.

“நீங்க எழுதறது அழகா இருக்கு” என்றார் அந்த அலுவலர் பதிவாளரிடம், இஞ்சி டேப்பைச் சுருட்டிக்கொண்டே. பதிவாளரின் காது சிவந்துபோனதை வகுப்பு மொத்தமும் பார்த்தது. இந்த மாதிரி விஷயமெல்லாம் பள்ளிக்கூடத்து மதிலைத் தாண்டி நம் தெருவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

அன்று மாலை தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். “உங்க மேல விசாரணை இருக்கிறதால, நிரந்தரப் பணிக்கு வானிலை அலுவலகத்திலிருந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு சான்றிதழ் வேணுமாம்மா. வெள்ளிக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்குள்ள கோப்புல இருக்கணும். இல்லேன்னா இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க.”

டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “அண்ணி, கோடு போட்டிருக்கலாமில்ல? ஊரே கோடு போடுது. உங்களுக்கு மட்டும் என்ன நேர்மை பொத்துக்கிட்டு வருது?” என்றாள் நாத்தனார். குழாய்க்காரர் தங்கையை முறைத்தார். ஆனால் அவருக்கும் அதே எண்ணம்தான் என்பது அவர் முறைத்த விதத்திலேயே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை டீச்சர் சான்றிதழ் கேட்டு வானிலை அலுவலகத்துக்குப் போனார். நான்கு மாடி. ஒரு அறைக்கும் ஜன்னல் இல்லை. இயக்குநர் அவரை எழுந்து நின்று வரவேற்றார். பயந்துபோன டீச்சரும் எழுந்து நின்றார், உட்காரவே இல்லையென்றாலும்.

“வாங்கம்மா வாங்க! நீங்க எங்க அலுவலகத்துக்கு என்ன செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது” என்றார் இயக்குநர். “நாற்பத்தோரு வருஷமா நாங்க மழை வரும்னு சொன்னா வர்றதில்ல, வராதுன்னு சொன்னா வருது. இதுல எங்க தப்பு ஒண்ணுமில்ல. மழைக்கு ஒழுங்கு பத்தாது. இங்க நூத்துப் பத்து பேர் வேலை செய்யறோம். ஒருத்தரும் வேலை நேரத்துல வானத்தைப் பார்க்கிறது கிடையாது. பார்த்தா ஒரு சார்பு வந்துடும் பாருங்க. அவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் எங்க கணிப்பு நூத்துக்கு முப்பத்தொண்ணுதான் பலிக்குது. மேலிடத்துல கேக்கறாங்க. காசைத் தூக்கிப் போட்டுப் பார்த்தாலே ஐம்பது வருமேங்கிறாங்க. அறிவியல் தெரியாதவங்க!”

“சார், அந்தச் சான்றிதழ்...”

“இருங்க. உங்க பாட்டில் இருக்கே, அது எப்ப சுத்தும்?”

“நாங்க சுத்தினா சுத்தும் சார்.”

“அதேதான்!” என்று மேசையைத் தட்டினார் இயக்குநர். “இந்த மாதிரி ஒழுக்கமான வானிலையை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல!”

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்து அறிவிப்புப் பலகையில் இப்படி எழுதியிருந்தது: ‘இன்று வானம் தெளிவாக இருக்கும். காலை 10.40 மணிக்கு ஐந்தாம் வகுப்பு பி பிரிவில் முப்பத்திரண்டு சுழற்காற்றுகள் வீசும். பொதுமக்கள் ஜன்னலோரம் நிற்க வேண்டாம்.’

பொதுமக்கள் பத்து மணிக்கே ஜன்னலோரம் வந்து நின்றார்கள். நாமும் போயிருந்தோம், அந்தப் பக்கம் வேறு வேலையாக.

பத்து பத்துக்குச் சங்கு ஊதியது. எச்சரிக்கை விதிப்படி முப்பது நிமிடத்துக்கு முன்னாலேயே எல்லோரும் பெஞ்சுக்கு அடியில் பதுங்க வேண்டும். பதுங்கினார்கள். பத்து முப்பத்தெட்டுக்குத்தான், சுழற்காற்றை உண்டாக்க வேண்டியவர்களும் பெஞ்சுக்கு அடியில்தான் இருக்கிறார்கள் என்பது பதிவாளருக்கு உறைத்தது. வெளியே வந்தால் விதி மீறல். வராவிட்டால் கணிப்பு பொய். கடைசியில், தலையும் உடம்பும் பெஞ்சுக்கு அடியில் பாதுகாப்பாக இருக்க, கைகள் மட்டும் வெளியே வரலாம் என்று இயக்குநர் தொலைபேசியில் அனுமதி தந்தார். முப்பத்திரண்டு ஜோடிக் கைகள் மேலே நீண்டன. டீச்சர் “ம், சுத்துங்க” என்றார். முப்பத்திரண்டு புனல்கள் ஒரே நேரத்தில் கிறுகிறுவென்று இறங்கின. ஜன்னலில் கைதட்டல். வெளியே தூறிக்கொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒரே நாளில் அலுவலகத்தின் கணிப்பு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்காக ஏறியது. ஒரு சுழற்காற்றை ஒரு கணிப்பாகக் கணக்கிட்டால் அப்படித்தான் வரும்.

“நாளைக்குச் செடிகள் பாடம் ஆரம்பிக்கணும் சார்” என்றார் டீச்சர், அன்று மாலை மறுபடி சான்றிதழுக்காக நின்றபோது.

இயக்குநர் முகம் வாடிவிட்டது. “செடியா? செடி என்னைக்கு முளைக்கும்னு எங்களால சொல்ல முடியுமாம்மா? வேண்டாம். நாளைக்கு ரெண்டு தடவை சுத்துங்க. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு.”

“சான்றிதழ்?”

“அது என் மேசையில பத்திரமா இருக்கு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கையெழுத்துப் போட்டா நீங்க நிரந்தரமாயிடுவீங்க. நிரந்தரமானவங்க யார் சொல்றதையும் கேக்க மாட்டாங்க. நான் நிரந்தரமானவன், எனக்குத் தெரியாதா? நீங்க இப்படியே தற்காலிகமா இருந்தாத்தான் வானிலை நிரந்தரமா நல்லா இருக்கும்.”

வியாழக்கிழமை இரண்டு தடவை சுற்றினார்கள். பிள்ளைகளுக்கே அலுத்துவிட்டது. ஒருவன் தண்ணீரில் நீல மை கலந்தான். ஒருத்தி ஜிகினா போட்டாள். ஒருவன் சின்னக் காகிதப் பசுவைச் சுருட்டி உள்ளே விட, அது புனலில் சுழன்று இறங்கியதைப் பார்த்துச் சேத மதிப்பீட்டு அலுவலர் ‘கால்நடை: ஒன்று’ என்று எழுதினார். அவர் சொல்லச் சொல்லப் பதிவாளர் எழுதினார். இருவரும் ஒரே குடையில் கிளம்பிப் போனார்கள். பலகையில் அன்றும் வானம் தெளிவுதான்.

வெள்ளிக்கிழமை காலை தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய இயக்குநர் நேரிலேயே வருகிறார் என்று சொல்லிவிட்டார்கள். தொண்ணூற்று நான்கை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

முந்தின நாள் இரவெல்லாம் டீச்சர் தூங்கவில்லை என்று நாத்தனார்தான் சொன்னாள். காலையில் எழுந்ததும் வீட்டுக்காரரிடம், “என்னங்க, நான் இன்னைக்கு ஒரு காரியம் செய்யப் போறேன். தப்பாயிடுச்சுன்னா உங்ககூடக் குழாய் வேலைக்கு வந்துடறேன்” என்றாராம். “வா, எனக்கும் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்ல” என்றாராம் அவர். ஆனாலும் மனிதர் பத்தரை மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார்.

பெரிய இயக்குநர் கனத்த மனிதர். அவருக்காகத் தலைமையாசிரியரின் நாற்காலியையே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நம் இயக்குநர் பேசினார்.

“ஐயா, இந்த வட்டாரத்துல இன்னைக்குத் துல்லியமா பதினோரு மணி பூஜ்யம் விநாடிக்கு முப்பத்திரண்டு சுழற்காற்றுகள் வீசும்னு நேத்தே கணிச்சிருக்கோம். இதுக்கு நாங்க எந்தக் கருவியும் பயன்படுத்தல. அறிவையும் பயன்படுத்தல. அனுபவம் மட்டும்தான்!”

பெரிய இயக்குநர் தலையாட்டினார். சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பத்தைந்து. பெஞ்சுகளுக்கு அடியிலிருந்து கைகள் நீண்டு பாட்டில்களைப் பிடித்திருந்தன.

“டீச்சர், இப்பவா?” என்றது பெஞ்சுக்கு அடியிலிருந்து ஓட்டைப்பல்லின் குரல்.

“இன்னும் இல்லம்மா” என்றார் டீச்சர். இயக்குநர் பக்கம் திரும்பினார். “சார், சான்றிதழ்ல கையெழுத்துப் போடுங்க.”

“அப்புறம் பேசலாம்மா.”

“அப்புறம் நாலு மணி ஆயிடும் சார்.”

“என்ன சான்றிதழ்?” என்றார் பெரிய இயக்குநர்.

“ஒண்ணுமில்லைங்க ஐயா, சின்ன... நிர்வாக விஷயம்.” இயக்குநர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். “பிள்ளைங்களா, மணியாகுது. எல்லாரும் சுத்துங்க பார்க்கலாம்!”

ஒரு கைகூட அசையவில்லை. “எங்க டீச்சர் சொல்லணும்” என்றது ஒரு பெஞ்சு.

“இது மிரட்டல்!” என்று கிசுகிசுத்தார் இயக்குநர்.

“இல்ல சார், கணிப்பு” என்றார் டீச்சர். “பதினோரு மணிக்குச் சுழற்காற்று வர நூத்துக்கு நூறு வாய்ப்பு இருக்கு. கையெழுத்து இல்லாட்டி வானிலை மாறலாம்.”

பத்து ஐம்பத்தேழு. சான்றிதழ் இயக்குநரின் பையிலேயே இருந்தது. முத்திரை ஜீப்பில். சேத மதிப்பீட்டு அலுவலர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். பதிவாளர் யாரும் சொல்லாமலே முன்னால் வந்து முதுகைக் குனிந்து கொடுத்தார். அவர் முதுகின் மேல் தாளை விரித்து இயக்குநர் கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் பேனா சட்டையைத் துளைத்தது. பத்து ஐம்பத்தொன்பது. முத்திரை வந்தது. மை காய்ந்திருந்தது. இயக்குநர் மூச்சை இழுத்து ‘ஹா ஹா’ என்று ஊதினார். பெரிய இயக்குநரும் ஆர்வமாகிவிட்டார், “நல்லா ஊதுய்யா!” என்றார். டமார் என்று குத்தினார்கள். டீச்சர் தாளை வாங்கி, பெயரைச் சரிபார்த்து, தேதியைச் சரிபார்த்து, மடித்துக் குழாய்க்காரர் கையில் கொடுத்தார்.

“இப்ப சுத்துங்க கண்ணுங்களா.”

முப்பத்திரண்டு சுழற்காற்றுகள். நீலம், ஜிகினா, பசு எல்லாம் சேர்ந்து கிறுகிறுவென்று இறங்கின. கடிகாரம் பதினொன்று. பெரிய இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தே கைதட்டினார். இயக்குநர் அழுதுவிட்டார், பெருமையால் என்று பின்னால் சொன்னார்கள். குழாய்க்காரர் அதற்குள் தலைமையாசிரியர் அறைக்கு ஓடிக்கொண்டிருந்தார். கோப்பில் அந்தத் தாள் விழுந்தபோது மணி பதினொன்று ஐந்து.

வெளியே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை நீட்டியவரைப் பெரிய இயக்குநர் தடுத்துவிட்டார். பலகையில் வானம் தெளிவு என்று போட்டிருக்கும்போது அவர் குடை பிடித்தால் அலுவலகத்தின் மானம் என்னாவது? ஜீப் வரை விறைப்பாக நனைந்துகொண்டே நடந்தார். பின்னால் நம் இயக்குநரும் அதே விறைப்பில்.

டீச்சர் நிரந்தரமாகிவிட்டார். திங்கட்கிழமையே செடிகள் பாடம் ஆரம்பித்தார். அலுவலகத்தின் கணிப்பு அந்த மாதமே பழையபடி முப்பத்தொன்றுக்கு இறங்கிற்று. அதற்குள் இயக்குநர் பதவி உயர்ந்து தலைமை அலுவலகத்துக்குக் குடிபோய்விட்டார். இறங்கினதற்குப் பொறுப்பு புதிதாக வந்தவருடையது. நாத்தனாருக்கும் கல்யாணமாகி வேறு ஊர் போயாயிற்று. மாப்பிள்ளை எதிலும் கையெழுத்துப் போடுகிற உத்தியோகத்தில் இல்லை என்று விசாரித்துத்தான் அண்ணி சம்மதித்தாராம்.

பதிவாளரும் சேத மதிப்பீட்டு அலுவலரும் ஐந்தாவது மாதம் கல்யாணம் செய்துகொண்டார்கள். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு, மலைப்பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய்க் குடைக் கடை வைத்திருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் டீச்சரிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது, அந்த ஊரில் வருஷத்துக்கு எட்டு மாதம் மழை என்றார் பதிவாளர்.

“யார் சொன்னாங்க?” என்று டீச்சர் பதறிப்போய்க் கேட்டார்.

“கடைக்கு எதிர் வீட்டு அம்மாதான். நாள் பூரா வாசல்லயே நின்னு தெருவைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.”

“அப்ப சரியாத்தான் இருக்கும்” என்றார் டீச்சர்.

சரியாகத்தான் இருக்கிறதாம். இரண்டாவது கிளை திறக்கப் போகிறார்கள்.